சிவப்புப் பூட்டும் ரொக்ஸ்பரோ அன்ரியும்

மின்சாரம் ஆள் பார்த்து மரியாதை கொடுப்பதில்லை. அதைத் திருத்தப் போகிறவன்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. மொன்றியலில் உயர்பள்ளி முடித்து, தொழிற்பள்ளியில் மின்வேலை படித்து, ஒரு சிறிய நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். மூன்று மாதம் பரீட்சைக் காலம். முடிவில், என்னைக் கூட்டிக்கொண்டு போகிற மின்வேலையாள் நத்தாலி நல்லபடியாக அறிக்கை எழுதினால் வேலை. இல்லாவிட்டால் அம்மா நிரப்பி வைத்திருந்த பல்கலைக்கழக விண்ணப்பம். இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

முதல் நாள்

விதிமுறைப் புத்தகத்தை நான் அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தேன். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியம். நிலமெல்லாம் நான் கூட்டி அள்ள வேண்டிய கம்பித் துண்டுகள். நத்தாலி ஏணியில் நின்று வேலை செய்தபோது, பொருத்தமான விதியொன்றை உட்பிரிவு எண்ணோடு எடுத்துச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிரெஞ்சில் சொன்னார்:

“தும்புத்தடியைப் பற்றி அது எத்தனையாம் பக்கத்தில் சொல்கிறது?”

தேத்தண்ணி

இரண்டாம் மாதம், கோட்-டெ-நெய்ஜில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரின் அடுக்குமாடி வீடு. வேலை தொடங்குமுன் பிரேக்கரை இறக்கி, யாரும் திரும்பப் போடாதபடி அதில் ஒரு சிவப்புப் பூட்டு மாட்ட வேண்டும். அது என் பொறுப்பு. அப்பா வயதுள்ளவரின் வீட்டு மின்பெட்டியை அவர் கண்முன்னே பூட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. பிரேக்கரை இறக்கியதோடு விட்டேன், பூட்டவில்லை.

சுவரில் திறந்திருந்த கம்பியைத் தொடுமுன் நத்தாலி தன் வழக்கப்படி டெஸ்டரை இன்னொரு முறை வைத்தார். அது கீச்சிட்டது: கம்பியில் மின்சாரம். பக்கத்தில் கேத்தல் சூடாகிக்கொண்டிருந்தது. பிரேக்கரை ஐயா போட்டுவிட்டார். நத்தாலி என்னிடம், “இன்னொரு தடவை இப்படி என்றால், அறிக்கைக்கு ஒரு வரி போதும்” என்றார். எங்கள் முகம் ஏன் வெளிறியிருக்கிறது என்று ஐயாவுக்கு விளங்கவில்லை.

“வந்த பிள்ளையளுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்காமல் விடுறதோ, தம்பி?”

ஆற்ர பிள்ளை

ரொக்ஸ்பரோவில் ஓர் அன்ரியின் வீடு. இம்முறை பூட்டிவிட்டுத்தான் வணக்கமே சொன்னேன். சற்று நேரத்தில் அன்ரி, மின்பெட்டியருகே நான் நின்ற நிலவறைக்கு இறங்கி வந்தார்.

“தம்பி, சோறு பாதியில நிக்குது. பத்து நிமிசம் கரண்டைப் போட்டு விடு.”

“ஏலாது அன்ரி.”

“அஞ்சு நிமிசம்.”

“ஏலாது அன்ரி. மேல அக்கான்ர கை கம்பியில இருக்கு.”

“அவ வெள்ளைக்காரி, அவவுக்குச் சோறு விளங்காது. நீ எங்கட பிள்ளையெல்லே?”

சாவியை இன்னும் ஆழமான பைக்கு மாற்றினேன். அன்ரி பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது தன் கடமையைச் செய்தது.

“எங்கட வீட்டுக்கே பூட்டோ? நீ ஆற்ர பிள்ளை?”

முறைப்பாடு

அம்மாவின் பெயரோடு உண்மையைச் சொன்னேன், அது தவறு. நாங்கள் கருவிகளைக் கட்டுமுன் அன்ரி அம்மாவுக்கும் நிறுவனத்துக்கும் தொலைபேசியில் பேசி முடித்துவிட்டார். அம்மா விண்ணப்பத்தை மேசைக்குக் கொண்டுவந்தார்.

பரீட்சைக் காலத்தின் கடைசி நாள் முதலாளி, தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்திருந்த முறைப்பாட்டை வாசித்தார்: கெஞ்சியும் திறக்கவில்லை, சொந்தச் சனம் என்றும் பார்க்கவில்லை, ஒரு பானை சோறு பழுதாகிவிட்டது. நத்தாலி அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதையே என் அறிக்கையாக வையுங்கள். இவ்வளவு நன்றாக எனக்கு எழுத வராது.”

வேலை நிரந்தரமாகி நாலு வருடமாயிற்று. பூட்டைப் பற்றி விதிமுறைப் புத்தகம் எல்லாவற்றையும் சொல்கிறது, அன்ரியைக் கோயிலில் கண்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று மட்டும் சொல்லவில்லை.