எட்டா, ஒன்பதா

ஸ்பார்க்ஸ் ஊரில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் சீட்டு மன்றத்தில், காலையில் ஒமாஹா சீட்டாட்ட மேசை திறந்ததும் முதலில் வந்து உட்காருகிறவள் லவோன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் தூரத்தில், பாய்சியில் இருக்கிறான். மேசைக்கு வருகிற மற்றவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். காப்பி இலவசம், பந்தயம் சில்லறை.

ஆளுக்கு நாலு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று சேர்த்துக் காட்ட வேண்டும். பெரிய கைக்குப் பாதிப் பணம், சின்னக் கைக்குப் பாதி. சின்னக் கை என்றால் ஐந்தும் வெவ்வேறு எண்ணாக, எட்டுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும்; ஆஸ்தான் எல்லாவற்றிலும் சின்னது. அதனால் நடுவில் எட்டுக்கு மேற்போகாத சீட்டு குறைந்தது மூன்று விழுந்தால்தான் சின்னக் கை என்ற பேச்சே எழும். விழாவிட்டால் பெரிய கைக்காரன் முழுசாக வழித்துக்கொண்டு போவான்.

லவோன் ஆஸும் ரெண்டும் சேர்ந்து வராமல் காசைத் தொட மாட்டாள். கூடவே மூன்றும் வந்துவிட்டால் உத்தமம். நடுவில் ஒரு ரெண்டு விழுந்து அவள் ரெண்டைக் கெடுத்தாலும் மூன்று காப்பாற்றும்.

"வந்துட்டா அம்மா, பாதிச் சோறு திங்க," என்பான் எதிரே உட்காரும் ரூடி. பழைய லாரி ஓட்டுநர். வாய்க்குப் பிரேக் கிடையாது.

"நீ முழுச் சோறு தின்னு என்னத்தக் கண்ட? நேத்தும் வெறுங்கையோடதான போன?" என்பாள் அவள்.

அவள் ஆடுவதை நிதானம் என்று எல்லாரும் மெச்சினார்கள். நிதானமாவது மண்ணாவது! கண் போய்க்கொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் பார்வையின் நடுவே அழுக்குத் துணி தொங்குகிற மாதிரி ஒரு மறைப்பு. ஆஸும் ரெண்டும் மூன்றும் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கிற சீட்டுகள், கிட்டத்தில் பிடித்தால் அந்தக் கண்ணுக்கும் பிடிபடும். கிளாவரா இஸ்பேடா என்ற கவலையும் சின்னக் கைக்குக் கிடையாது. பெரிய கைகளை அவள் விட்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

மகன் போனில் ஒரே பாட்டு பாடுவான். "கண்ணு சரியில்லன்னா கார வித்துட்டு இங்க வந்துரும்மா. பின்ரூம் சும்மாதான் கிடக்கு." பின்ரூம்! கார் போனால் மேசை போகும், மேசை போனால் அப்புறம் பின்ரூமும் டிவியும்தான். அதனால் யாரிடமும் மூச்சுவிடாமல் சந்து வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து போனாள். செய்வது தப்பு என்று அவளுக்கே தெரியும். தினமும் வீடு சேர்ந்ததும் ஸ்டியரிங்கை விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். இறங்கத் தெம்பு இருக்காது.

நடுவில் விழுகிற சீட்டுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. பக்கத்து நாற்காலி மெர்ல், ரயில்வேயில் இருந்தவர். சீட்டு விழவிழ முணுமுணுப்பார்: "ஆறு... ராணி... மறுபடி ஆறு..." எல்லாரும் அவரைத் திட்டுவார்கள். கிழவருக்குப் பிடித்த கிறுக்கு, நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று லவோன் பேசாமல் இருந்துவிட்டாள்.

அன்று சீட்டுப் போட வந்தவன் பிரைஸ் என்ற புதுப் பையன். லவோனுக்கு ஆஸ், ரெண்டு, மூன்று, ஒரு பத்து. எப்போதாவதுதான் இப்படி வரும். நடுவில் மூன்று சீட்டு விழுந்தது.

"நாலு... ஏழு... ராஜா..." என்றார் மெர்ல்.

பிரைஸின் கை நின்றது. "சார், ஆட்டம் நடக்கறப்ப சீட்டச் சொல்லக் கூடாது. அவங்கவங்க கைய அவங்கவங்கதான் பாக்கணும். இன்னொரு தடவ சொன்னா இன்னிக்கு வெளிய உக்கார வேண்டியதுதான்."

"அப்பாடா, இப்பவாவது ஒருத்தன் கேட்டானே!" என்றான் ரூடி.

மெர்ல் வாயை மூடிக்கொண்டார். நாலாவது சீட்டு படச்சீட்டு. வண்ணத்தைப் பார்த்தே லவோனுக்குத் தெரிந்தது. பந்தயம் ஏறியது. ஐந்தாவது விழுந்தது. சிவப்பு, புள்ளிகள் நெருக்கமாக. மூலையில் ஒரு வளைவு. எட்டா, ஒன்பதா?

எட்டு என்றால் அவளைவிடச் சின்னக் கை யாரிடமும் இருக்க முடியாது. ஒன்பது என்றால் கையில் இருப்பது குப்பை. ரூடி பந்தயச் சில்லுகளைத் தள்ளினான். இன்னொருவர் அதற்கு மேல் ஏற்றினார். இப்போது அவள் முறை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள், ஓரக்கண்ணால் பார்த்தாள். என்னவென்று கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கேட்டால் எல்லாம் முடிந்தது.

"மேடம், உங்க முறை," என்றான் பிரைஸ்.

இத்தனை பேர் நடுவில் அவ்வளவு தனியாக அவள் இருந்ததே இல்லை.

"எட்டு," என்றார் மெர்ல், முணுமுணுக்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆட்டின் எட்டு."

ரூடி மேசையைக் குத்தினான். "யோவ், கேணையா நீ?" பிரைஸ் மேலாளரைக் கூப்பிடக் கையைத் தூக்கும் முன்பே மெர்ல் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "தெரியும், தெரியும். போறேன்," என்று நடந்தார்.

லவோனுக்கு அப்போதுதான் உறைத்தது. கிறுக்கும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. மனுஷன் இத்தனை நாளும் திட்டு வாங்கிக்கொண்டு அவளுக்காகச் சீட்டு வாசித்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட, இப்படி ஒளித்துக்கொண்டே இருப்பதில் அலுப்பு வந்தது.

ஆஸையும் ரெண்டையும் மூன்றையும் பத்தையும் சேர்த்துக் கவிழ்த்து பிரைஸ் பக்கம் தள்ளினாள்.

"ஏய், எட்டு விழுந்திருக்கு, சின்னக் கைய வெச்சுக்கிட்டு நீ எதுக்குக் கவுக்கற?" என்றான் ரூடி.

"எனக்கு அது எட்டுன்னு தெரியல ரூடி. ரொம்ப நாளாவே தெரியல."

லவோன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே மெர்ல் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"ஜெயிச்சியா?"

"கவுத்துட்டேன்."

"பைத்தியமா உனக்கு? ஆஸ், ரெண்டு இல்லாம நீ அவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டியே!"

"மூணும் இருந்துச்சு. நீ சொல்லித்தான தெரிஞ்சுது? அப்ப அது உன் கை. என்னுது இல்ல."

அவள் பையைத் துழாவி, கார் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"என் கார் இங்கயே கிடக்கட்டும். என்னக் கொண்டுபோய் வீட்ல விடு. மகனுக்குப் போன் பண்ணணும்."

அவர் தன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். தெருமுனை சிக்னலில் வண்டி நின்றது.

"சிவப்பு," என்று முணுமுணுத்தார் மெர்ல். பிறகு சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லிட்டே வா," என்றாள் லவோன், கண்ணை மூடிக்கொண்டு. "இங்க யாரும் உன்ன வெளிய அனுப்ப மாட்டாங்க."