கொஞ்சம்னா எத்தனைங்க அம்மணி?

மிட்வைஃப் படிப்புல சேர்ந்ததுல இருந்து என் கேஸ் நோட்டுல நீல மையை விடச் சிவப்பு மைதான் அதிகம். "கொஞ்சம் ரத்தம் போச்சு"ன்னு எழுதினா, திருத்தற மேடம் பக்கத்துலயே எழுதுவாங்க: "கொஞ்சம்னா எத்தனைங்க அம்மணி?"

நம்மூர்ல எல்லாமே கொஞ்சந்தானுங்களே! அடுத்தவங்க பதறாத மாதிரி சொல்லியே வளர்ந்தாச்சு.

இன்னைக்குக் காலைல வார்டுல, பிரசவமான ஒருத்தருக்கு ரத்தப்போக்கு நிக்கல. சிஸ்டரைக் கூப்பிட்டுப்போட்டு, நோட்டுல எழுதினேன்: "9.10 முதல் 9.40க்குள் இரண்டு பேட் முழுவதும் நனைந்தன. நாடித்துடிப்பு 84லிருந்து 118 ஆனது."

சிஸ்டர் அதை அப்படியே போன்ல படிச்சாங்க. டாக்டர் ஒரு கேள்வி கேக்கல. ஓடி வந்துட்டாங்க.

அம்மாவும் பாப்பாவும் இப்ப நல்லா இருக்காங்க. கிளம்பறப்ப டாக்டர் கேட்டாங்க, "அந்த நோட்டு யார் எழுதினதுங்க?"

"நானுங்க!" நான் போட்ட சத்தத்துல வார்டே திரும்பிப் பார்த்துச்சு.

சாயங்காலம் சிங்காநல்லூர் பஸ்ல ஏறினதும் ஊட்டுல இருந்து அம்மா போன். "எப்ப கண்ணு வருவே?"

"இதா, கொஞ்ச நேரத்துல வாரேம்மா."

இந்தப் போஸ்டை யாராச்சும் மேடத்துக்குக் காட்டுனீங்க, பாத்துக்குங்க!