வாய் திறக்காமல் கூட்டின கூட்டம்

பெற்றார் ஆசிரியர் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனது என்ரை கெட்டித்தனத்தாலை இல்லை. தெரிவு நடக்கேக்கை நான் கடைசி வாங்கிலை நித்திரை. கைதட்டுற சத்தத்துக்கு முழிச்சன். என்னத்துக்குத் தட்டுகினம் எண்டு தெரியாமல் நானும் சேர்ந்து தட்டினன். எனக்குத்தான் தட்டினவையெண்டு வீட்டை வந்தாப்பிறகுதான் மனிசி சொல்லித் தெரியும்.

உடுப்பிட்டிப் பக்கத்திலை எங்கடை பள்ளிக்கூடம். மிசன் பள்ளிக்கூடமாய் இருந்த காலத்திலை, கூட்டமெண்டால் பிள்ளையளின்ரை கையிலை ஒரு துண்டுக் கடுதாசி குடுத்துவிட்டால் காணும். அரசாங்கம் எடுத்தாப்பிறகு கல்விக் கந்தோரிலையிருந்து சுற்றுநிருபம் வந்திட்டுது. சங்கத்தின்ரை விசயமாய்ப் பிள்ளையளிட்டைத் துண்டு குடுக்கப்படாது, பள்ளிக்கூடச் சுவரிலை ஒட்டப்படாது, காலமைப் பிரார்த்தனையிலை சொல்லப்படாது. எங்கடை தலைவர் ஓய்வெடுத்த போஸ்ற்மாஸ்ரர். ஊருக்கெல்லாம் காயிதம் அனுப்பின மனுசனுக்கு ஒரு துண்டு அனுப்ப ஏலாமல் போச்சுதேயெண்டு அவருக்குச் சரியான கவலை.

அந்த நேரத்திலைதான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைவர் சைக்கிளிலை இளைக்க இளைக்க வந்தார்.

"தம்பி, நாளைக்குப் பத்து மணிக்குக் கல்வி அதிகாரி வாறாராம். எங்கடை விஞ்ஞான வகுப்பை எடுத்து ரவுண் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கப்போகினமாம். தாய் தேப்பன்மார் திரண்டு வந்து கேட்டால் விடுவாராம். ஆக்கள் வராட்டி, எடுத்திடுவினம்."

என்ரை மூத்தவள் அப்பதான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தாள். விஞ்ஞானம்தான் படிப்பனெண்டு ஒற்றைக்காலிலை நிண்டவள். குசினிக்குள்ளை இருந்து மனிசி சொன்னா: "ரவுணுக்குப் பஸ்ஸிலை தனிய விட என்னாலை ஏலாது. வகுப்பு இல்லையெண்டால் தையல் பழகட்டும்." மூத்தவள் திரும்பி என்னைப் பாத்தாள். அவ்வளவுதான்.

"அப்ப எப்பிடியண்ணை அறிவிக்கிறது?" எண்டு கேட்டன்.

"வீடு வீடாய்ப் போ. ஆனால் பள்ளிக்கூடப் பேரிலை கூட்டம் கூட்டுறமெண்டு விரிச்சுக் கதைக்காதை. ஆரும் கந்தோருக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிடுவாங்கள். பள்ளிக்கூடத்தடிக்கு வாங்கோ எண்டு மட்டும் சொல்லு."

விரிச்சுக் கதைக்கிற நிலைமையிலையோ நான் இருந்தன்? ரெண்டு நாளாய்க் கடைவாய்ப் பல்லு. கன்னம் வீங்கி ஒரு பக்கம் பனங்காய் மாதிரி. தாடையைச் சுத்தித் துவாயைக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தன். கண்ணாலை வேறை தண்ணி ஓடுது. வீட்டுக்கு வீடு இறங்கி ஏறினால் பல்லு அதிருமெண்டு, படலைக்கு வெளியாலை ஒரு காலை ஊண்டிக்கொண்டு மணியை அடிச்சன்.

"என்ன தம்பி, உள்ளுக்கு வாருமன். ஒரு வாய் தேத்தண்ணி குடியும்."

சுடுதண்ணி பல்லிலை பட்டால் உயிர் போகும். கையைக் காட்டி வேண்டாமெண்டன். "நாளைக்குக் காலமை... பள்ளிக்கூடத்தடிக்கு... எல்லாரும் வாங்கோ."

"ஐயோ. எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

வகுப்பை எடுக்கிற கதை இதுக்குள்ளை ஊரிலை பரவீட்டுதெண்டு எனக்கு நல்ல சந்தோசம். "பத்துக்கு," எண்டு போட்டுச் சைக்கிளைத் திருப்பினன். போற வீடெல்லாம் உதே கேள்வி. "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" "பத்துக்கு." சனத்துக்குக் கல்வியிலை இவ்வளவு அக்கறையோவெண்டு நினைச்சு நினைச்சுப் பூரிச்சன். கடற்கரைப் பக்கத்திலை வள்ளம் வலை வைச்சிருக்கிற ஒரு சம்மாட்டியின்ரை மனிசி என்ரை முகத்தைப் பாத்திட்டு முந்தானையாலை கண்ணைத் துடைச்சா. அவவின்ரை மகளும் மூத்தவளோடை ஒரே வகுப்பு. பாவம், நல்ல தாய் எண்டு நினைச்சன்.

அடுத்தநாள் ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடத்தடிக்குப் போனால், வாசலிலையிருந்து சந்தி மட்டும் சனம். எல்லாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சீலை. ஒருத்தரும் கதைக்கேல்லை. பிள்ளை இல்லாத வீட்டுக்காரரும் வந்து நிக்கினம்.

அந்த நேரம் பாத்துப் பெரிய வாத்தியார் கந்தோருக்குள்ளை இருந்து வெளியாலை வந்தார். நெஞ்சுநோவெண்டு போன கிழமைதான் ஆசுப்பத்திரியிலை கிடந்திட்டு வந்தவர். சம்மாட்டியின்ரை மனிசி "என்ரை ஐயா!" எண்டு நெஞ்சிலை கை வைச்சவ, கை வைச்சபடியே நிண்டா.

"சேர்... நீங்களோ?"

"ஓம், நான்தான். என்ன எல்லாரும் உப்பிடிப் பாக்கிறியள்?"

பின்னாலை நிண்ட ஒரு கிழவர், "அப்ப ஆர் செத்தது?" எண்டு கேட்டார்.

அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. எங்கடை பக்கத்திலை செத்தவீடு சொல்ல வாறவர்தான் படலைக்கு உள்ளை வரமாட்டார், வாய் நனைக்கமாட்டார், போகேக்கை "போட்டு வாறன்" எண்டு சொல்லமாட்டார். நான் ஒண்டையும் விடாமல் வடிவாச் செய்திருக்கிறன், அழுத முகம் உட்பட. முழுச் சனமும் என்ரை பக்கம் திரும்பிச்சுது. அந்த நேரத்திலை ஒரு பிரேதம் தேவையெண்டால் என்னையே ஆக்கியிருப்பினம்.

நல்லகாலம், ஜீப் வந்து நிண்டிது. தலைவர் சனத்துக்குள்ளை புகுந்து ஓடி ஓடிச் சொன்னார்: "ஒருத்தரும் போகாதையுங்கோ! பெட்டையளின்ரை விஞ்ஞான வகுப்பை எடுக்கப்போறாங்கள்."

சம்மாட்டியின்ரை மனிசி முந்தானையை இழுத்துச் செருகினா. "பிரேதம் எடுக்கவெண்டு வந்தம். வகுப்பை எடுக்க விடுவமோ? நில்லுங்கோ எல்லாரும்."

அதிகாரி இறங்கினவர், அந்த வெள்ளைச் சனத்தைப் பாத்து அப்பிடியே நிண்டிட்டார். பிறகு என்னட்டைத்தான் வந்தார். "நீர்தானே செயலாளர்? பிள்ளையளிட்டைத் துண்டு குடுத்துவிட்டனீரோ?"

"இல்லையுங்கோ."

"அப்ப என்ன சொல்லி இவ்வளவு பேரையும் கூப்பிட்டனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லையுங்கோ," எண்டன். என்ரை வாழ்க்கையிலை அவ்வளவு சுத்தமான உண்மையை நான் அதுக்கு முந்தியும் சொன்னதில்லை, பிந்தியும் சொன்னதில்லை.

அவர் என்ரை துவாய்க்கட்டைப் பாத்தார், சனத்தைப் பாத்தார். பெரிய வாத்தியாரோடை உள்ளுக்குப் போய்க் கதைச்சிட்டு வந்து, வகுப்பு இங்கையே நடக்கும், திங்கக்கிழமை வழமைபோலைப் பிள்ளையள் வரலாமெண்டு சொன்னார். ஒருத்தரும் கைதட்டேல்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம், தட்டலாமோ தட்டப்படாதோவெண்டு அவைக்குத் தெரியேல்லை. சம்மாட்டியின்ரை மனிசி மட்டும், முதல்நாள் தொடங்கின அழுகையை இருந்து அழுது முடிச்சா. இது வேறை அழுகை.

வீட்டுப் படலையிலை மூத்தவள் நிண்டாள். செய்தி எனக்கு முந்தி அவளிட்டை வந்திட்டுது. "அப்பா, வகுப்பு இருக்காம்!" எண்டு எனக்குப் புதினம் சொல்லுற மாதிரிச் சொன்னாள். "ஓமடி பிள்ளை," எண்டன். நெஞ்சுக்குள்ளை நேற்றிலையிருந்து கிடந்த கல்லு அப்பதான் இறங்கிச்சுது.

உள்ளுக்குப் போக ஒரு காலை எடுத்து வைச்சன். மனிசி வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டா.

"கிணத்தடிக்குப் போங்கோ. குளிச்சுப்போட்டு உள்ளை வாங்கோ."

"ஆரும் சாகேல்லையடியப்பா."

"எனக்குத் தெரியும். ஊர் முழுக்கக் குளிக்குது. சொன்ன ஆள் குளிக்காட்டிச் சரியோ?"

வாளியை இறக்கி அள்ளி அள்ளி ஊத்தினன். அதைப்போலை ஒரு சுகமான செத்தவீட்டுக் குளிப்பு நான் குளிச்சதேயில்லை.