கேன் தண்ணீரில் கறுப்பு மீன்

ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. மாதிரித் தண்ணீரில் மருந்தைக் கலந்தால் அது நீலமாக நிற்க வேண்டும். சிவந்தால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று அர்த்தம். குழாய்க்குள் படிந்து பாய்லரைக் கெடுத்துவிடும். நீலத்தைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என்னைக் கட்டிக்கொண்டு நகரியிலிருந்து வந்த என் மாமன் மகளுக்கு எங்கள் வாடகை வீட்டின் போர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது.

"முடி கொட்டிக்கினே கீது மாமா. ஆடிக்கு எங்க வூட்டுக்குப் போனா நான் திரும்பி வரமாட்டேன்" என்றாள்.

ஊர் முழுக்க இதே தண்ணீர்தானே, பழகிவிடும் என்றேன். வெளியில்தான் அந்தத் தைரியம். அவள் சொன்னால் செய்கிறவள்; உள்ளுக்குள் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

நான் ஷிப்டுக்குப் போனபின் வீட்டில் துணையில்லை, அவள் புலம்பலுக்கு அதுதான் காரணம் என்று நானே முடிவுகட்டினேன். திருப்பதிக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டியும் கறுப்பு மோலி மீன்களும் வாங்கி வந்தேன். எங்கள் பக்கத்தில் குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாம் போர் தண்ணீர். வீட்டுக்கு வந்தவர்களுக்கு மட்டும் கேன் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது. மீனும் வந்தவர்கள் கணக்குத்தானே என்று கேன் கேனாக ஊற்றினோம். ஆலையில் செய்கிற சோதனையைத் தொட்டியிலும் செய்தேன். பளிச்சென்று நீலம்.

"பாய்லருக்கே ஊத்தலாம்" என்றேன். அவள் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சில நாட்களில் மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடம்பை நெளித்துக்கொண்டிருந்தன. ஒன்று செத்தும் போனது. போனில் தேடியபோதுதான் விவரம் தெரிந்தது. மோலிக்குக் கடினத் தண்ணீர்தான் வேண்டும். சுண்ணாம்பே இல்லாத தண்ணீரில் நோய் வந்துவிடும். பாய்லருக்கு எது நல்லதோ அது மீனுக்கு ஆகாது. ஒரேயடியாக மாற்றினாலும் தாங்காது என்பதால், தினமும் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த அளவுக்குப் போர் தண்ணீரை விட்டேன். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டித் தண்ணீரைத்தான் சோதிப்பேன். நீலம் போய்ச் சிவப்பு ஏற ஏற, மீன்கள் துடுப்பை விரித்தன. ஆடி பிறப்பதற்கு முன்பே தொட்டிக்குள் இருந்த செடியின் மறைவில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள் தெரிந்தன.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, இந்தத் தண்ணியிலயே குட்டி போட்டு குடும்பம் நடத்திக்கினு கீது" என்று சீண்டினேன்.

அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மீனு வாயத் தொறந்து உங்கிட்ட இன்னா சொல்லிச்சு? ஒண்ணும் சொல்லல. நீயே பாத்து, டெஸ்ட் பண்ணி, தண்ணிய மாத்தின. நான் வாயால எத்தினி தபா சொன்னேன் மாமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

ஆடிக்கு அழைத்துப்போக அவளுடைய நைனா, என் மாமன், வந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். திரும்பி வந்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னலருகே போய், "வேற வூடு பாக்கறேன்" என்றேன்.

"மொதல்ல தண்ணியப் பாரு" என்றாள். "அப்பால வூட்டப் பாரு."