நிக்கல் தொட்டியும் பஜனைச் செயலாளரும்

தாராவியில் சுயம்பு அண்ணாச்சியின் முலாம் பட்டறையில் பதினோரு வருஷமாக நிக்கல் தொட்டி பார்ப்பவர் இசக்கி. சைக்கிள் மணி, பூட்டு, கதவுக் கைப்பிடி என்று அந்தப் பச்சைத் தண்ணீரில் அவர் முக்கி எடுக்காத பித்தளை இல்லை. படிப்பு நாலாங்கிளாஸ். செவ்வாய்தோறும் முருகனுக்கு விரதம். மனுஷர்களில் அவர் அறவே மதிக்காத ஒரு ரகம் உண்டு: கழுவி வைத்த சாமானைத் தொடுகிறவர்கள்.

1964 பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அந்த ரகத்தின் சிகரமே வந்து சேர்ந்தது. மாட்டுங்கா பஜனை சபைச் செயலாளர், பி.ஏ. படித்த ஹெட்கிளார்க் வேங்கடசுப்ரமணியன். சபையின் பித்தளை வேலுக்கு முலாம் பூச வேண்டுமாம்.

"ஸ்நானம் பண்ணிட்டுத்தானே தொடறே?" என்றார் எடுத்த எடுப்பில்.

இசக்கி அந்த வேலை வாங்கிச் சோடாக் காரத்தில் கொதிக்கவிட்டு, அமிலத்தில் காட்டி, அலசித் தூக்கினார். தண்ணீர் முத்துமுத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக நின்றது. எண்ணெய்ப் பசை போனதற்கு அதுதான் அடையாளம். தொட்டியில் தொங்கவிடும் கம்பியை எடுக்க அவர் திரும்பிய நேரம் செயலாளர் வேலை இரு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலையெல்லாம் தேங்காய் எண்ணெய். அதைக் கோதிக்கொண்டிருந்த அதே கை.

"சாமி, மறுபடி கழுவணும்."

"சந்தியாவந்தனம் பண்ணின கையப்பா. உன் சோடாவைவிட சுத்தம். போடு."

"போடும்வே, நேரமாவுது," என்று அண்ணாச்சியும் கண்ணைக் காட்டினார்.

போட்டார். மின்சாரத்தின் நேர்முனையில் நிக்கல் கட்டி, எதிர்முனையில் வேல். கட்டி கரைந்து தண்ணீருக்குள் போகும். தண்ணீரிலுள்ள நிக்கல் வேலின்மேல் வந்து படியும். பசை இருக்கிற இடத்தில் படிந்தாலும் பிடிக்காது, ஆயிரம் அர்ச்சனை பண்ணினாலும் பிடிக்காது. பி.ஏ.வில் இதெல்லாம் எங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்!

மறுநாள் மெருகு போடும்போது பத்து இடத்தில் தோலாக உரிந்தது. கூட வந்த சபை ஆட்கள் மூன்று பேர் முன்னால் செயலாளர் சொன்னார்: "முருகன் இவன் கையை ஏத்துக்கலை. குர்லா பட்டறைக்குக் கொண்டுபோயிடலாம்."

இசக்கி மெருகுச் சக்கரத்தை நிறுத்தினார். பிழைப்பு போனால் போகட்டும். முருகன் ஒதுக்கிய ஆள் என்று பெயர் வாங்கிக்கொண்டு எந்தச் சன்னதியில் போய் நிற்பது?

ஒரு பித்தளைத் தகட்டைக் கழுவி நீட்டினார். "சாமி, ஒரு பாதியை உங்க சுத்தமான கையால தொடுங்க. மறு பாதியை ஒருத்தரும் தொடாண்டாம்."

நாலு பேர் பார்க்கிறார்களே என்று தொட்டார் செயலாளர். பெருமையாக, அஞ்சு விரலும் பதிய.

அரைமணி கழித்து இசக்கி தகட்டை நிக்கல் தொட்டியிலிருந்து எடுத்து வளைத்தார். தொடாத பாதி கண்ணாடி. தொட்ட பாதியில் அஞ்சு விரலும் அஞ்சு சொட்டையாக உரிந்து விழுந்தன.

"தண்ணியில ஏதோ கோளாறு," என்றார் செயலாளர்.

"ஒரே தண்ணிதானே சாமி. அந்தப் பாதிக்கு மட்டும் கோளாறு வந்துட்டாக்கும்?"

சபை ஆட்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். "வேல் இங்கயே இருக்கட்டும்," என்றார் இன்னொருவர்.

இசக்கி வேலை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, நேர்முனை வேலுக்கு வருமாறு மின்கம்பிகளை மாற்றிக் கொடுத்தார். பழைய பூச்சு கரைந்து இறங்கியது. மறுபடி கழுவித் தூக்கினார். செயலாளரின் கை, பழக்க தோஷம், மெல்ல நீண்டது.

"வாசல்ல போய் நில்லுங்க," என்றார் இசக்கி.

வாடிக்கைக்காரர் ஒருவரிடம் அவர் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி கணக்கு நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். செயலாளர் போய் நின்றார், வெயிலில், எதிரே தோல் கிடங்கில் தோல் காயும் நாற்றத்துக்கு மூக்கை அங்கவஸ்திரத்தால் பொத்திக்கொண்டு, முலாம் ஏறி முடிகிற ஒன்றே முக்கால் மணி நேரமும்.