ஒன்பது தடவை புதுப்பித்த கேசட்

இசைத்தட்டு இரவல் கொடுக்கிற வேலை பெண் கொடுக்கிற மாதிரிதான். அனுப்பிவிட்டு, அங்கே என்ன பாடுபடுகிறதோ என்று நாம் இங்கே கிடந்து தவிக்க வேண்டும். எதையாவது இரவல் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. தென்காசியில் எங்கள் பொது நூலகத்தில் புத்தகத்தோடு இசைத்தட்டு, கேசட், சிடி எல்லாம் உண்டு. கேட்க வழியில்லாதவர்களுக்கு ப்ளேயரும் தருவோம். அந்தப் பிரிவுக்கு நான்தான் ஆல் இன் ஆல்.

மூலிகைத் தண்ணி

சாரல் ஆரம்பித்தால் ஊருக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம். இசைத்தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். அப்படிப் பூத்த ஒரு வீணைத் தட்டைக் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் அண்ணாச்சி எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு! நடுவில் ஒட்டியிருந்த காகிதம் மட்டும் ஊறி உப்பியிருந்தது. விசாரித்தால், ஐந்தருவியில் பிடித்துக் கழுவினாராம்.

நல்லா நாலு கேட்கலாம் என்றுதான் எழுந்தேன். எதற்கும் போட்டுப் பார்ப்போமே என்று முள்ளை வைத்தேன். துளி கரகரப்பு இல்லை. வீணை என் மேஜை மேலேயே வாசிக்கிறது. அண்ணாச்சிக்கோ ஆச்சரியமே இல்லை. “மூலிகைத் தண்ணில்லா மேடம்! மனுசனுக்கே சரியாவுது, தட்டுக்கு ஆகாதா?”

பேச்சியக்கா

கேசட் நன்கொடை தருகிறவர்கள் பையோடு கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் உறையில் இருக்கிற பேரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிடுவேன். ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்க யாருக்கு நேரம்? அந்தச் சோம்பல் என்னை வசமாக மாட்டிவிட்டது.

குத்துக்கல்வலசையிலிருந்து பேச்சியக்கா அரக்கப்பரக்க வந்தார். அவர் வீட்டுக்காரர் மாடசாமி அண்ணாச்சி, சீசனில் அருவிக்கரை மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர். தொண்டை கட்டுகிற நாளுக்கு இருக்கட்டும் என்று, பழைய நாதஸ்வரக் கேசட் ஒன்றின் மேல் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தார். வீட்டை ஒதுக்கும்போது அக்கா அதையும் சேர்த்து எங்களுக்குத் தந்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணாச்சிக்குத் தொண்டையில் ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். செல்போனில் போட்டோ ஆயிரம் இருக்கிறது, குரல் ஒன்றில்கூட இல்லை. “வாயைக் கொஞ்சம் மூடுங்கன்னு காலமெல்லாம் சொன்னவ நான்தாம்மா. இப்ப ஒத்தை வார்த்தை கேக்கமாட்டமான்னு கெடந்து தவிக்கேன்.”

இலத்தூர் சார்

பதிவேட்டைப் பார்த்தேன். அந்த நாதஸ்வரக் கேசட் இலத்தூரில் ஞானராஜ் சாரிடம் இருந்தது. ஓய்வுபெற்ற சர்வேயர், தனியாக இருக்கிறவர். ஒன்பது தடவை போன் பண்ணியே புதுப்பித்திருக்கிறார். மேலே ஏதாவது பாட்டைப் பதிந்து தொலைத்திருந்தால்? அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்?

உடனே போன் போட்டேன். “அதுல நாதஸ்வரமே இல்ல மேடம். யாரோ ஒருத்தர் பேசுதார்” என்றார் சாவகாசமாக. போன உயிர் திரும்பி வந்தது. பிறகு எதற்கு ஐயா ஒன்பது தடவை? கேட்டே விட்டேன். “என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் எங்கிட்ட ‘பாத்துப் போங்க’ன்னு சொல்ல ஆளில்ல மேடம். இவர் தெனமும் சொல்லுதார்.”

அருவிக்கரைக் குரல்

மறுநாள் சார் கேசட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழையில் பஸ் ஏறி வந்துவிட்டார். அக்காவும் அண்ணாச்சியும் முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். ஈரக் காலத்தில் டேப் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் அறுந்துவிடும். மெதுவாகப் பட்டனை அமுக்கினேன்.

“அன்பார்ந்த பொதுமக்களே! பாறை வழுக்கும், பாத்துப் போங்க. தாய்மார்களே, பிள்ளைங்க கையை விட்டுராதீங்க.” கணீரென்று வந்தது குரல். பேப்பர் படிக்கிறவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். அண்ணாச்சியின் உதடு கூடவே அசைந்தது. ஒரு வார்த்தை முந்தவில்லை, பிந்தவில்லை. மூச்சு விடுகிற இடம்கூடத் தப்பவில்லை. அவரே பேசுகிற மாதிரி இருந்தது. அக்கா ப்ளேயர் பக்கம் திரும்பவே இல்லை. அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு அழுதார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் சார், “உங்க பொருள், நீங்களே வச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். அவர் எதற்காக ஒன்பது தடவை புதுப்பித்தார் என்று, என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த அக்காதான் அண்ணாச்சியிடம் சொன்னார். அண்ணாச்சி எழுந்து சார் கையைப் பிடித்து உட்கார வைத்தார். என் மேஜையிலிருந்து ஒரு சீட்டை இழுத்து எழுதி என்னிடம் நீட்டினார். “சாருக்கு ஒண்ணு பதிஞ்சு குடுங்க. அவர் பாத்துப் போகணும்லா.”

‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு சத்தத்தை இரவல் கொடுக்கிறேன் பாருங்கள், இதுதான் ஐயா என் பிழைப்பு.