சொல்லிக்கொள்ளாமல் போன கூட்டம்

எங்கள் ஊரில் நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு ஜாங்கிரி பொட்டலம் கட்டி வைத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். என் வீட்டுக்காரரின் யோசனை அது. டிக்கெட் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஆரம்பம், நம்மை நம்பி வருகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது, வாசலில் ஆளுக்கு ஒரு ஜாங்கிரியும் கொஞ்சம் மிக்சரும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். இது என்ன கல்யாண வீடா என்று கேட்டேன்.

"எனக்கு இதான் கல்யாணம், போ," என்றார். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதர் அப்படி வெட்கப்பட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. காலையில் லோக்கல் ரயிலில் போய் மாலையில் வருவார். இருபது நிமிஷப் பயணம்தான். அந்த இருபது நிமிஷத்தில் ஏதாவது ஒரு மெட்டு சிக்கினால் போனை வாயருகே வைத்து முணுமுணுத்துப் பதிவு செய்துகொள்வார். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் இவர் யாருடனோ குசுகுசுவென்று பேசுவதாக நினைத்துக்கொள்வார்களாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. லீவு நாளில் கூட்டமில்லாத மதியத்தில் வந்து உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். அப்படி ஆறு வருஷத்தில் சேர்ந்தது அந்த இசை நாடகம். பதினோரு பாட்டு.

கதை சின்னதுதான். மலைப்படிக்குக் கீழே பூ விற்கிற ஒரு பெண். பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பவர்லூம் தொழிலாளி ஒருவன் அவளிடம் பூ வாங்குகிற சாக்கில் பேச ஆரம்பித்து, ஒருவழியாகக் கட்டிக்கொள்கிறான். நன்றாகத்தான் வாழ்கிறார்கள். கடைசியில் அவள் காய்ச்சலில் செத்துப்போகிறாள். அவன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பாடுகிற பாட்டோடு நாடகம் முடிகிறது.

இந்தக் கடைசிப் பாட்டை நான் நூறு தடவையாவது டைப் அடித்திருப்பேன். ஒரு சொல்லை மாற்றுவார், மறுபடி பழையபடி வை என்பார். வீட்டில் சோறு வடிக்கும்போதும் அதே பாட்டு, துணி காயப்போடும்போதும் அதே பாட்டு. முதல் தடவை கேட்டபோது அழுதேன். அப்புறம் அது எனக்குக் குக்கர் விசில் மாதிரி ஆகிவிட்டது. அவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். ஒத்திகையில் செத்துக் கிடந்த பெண், பாட்டு முடிந்ததும் எழுந்து, "சார், நான் சரியா படுத்தேனா?" என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்போம். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல குரல்.

நாடகம் போட இடம் கிடைத்தது ஒரு பழைய டாக்கீஸில். படம் ஓடுவது நின்று வெகுநாளாகி, பாதி இடத்தில் சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். மீதிப் பாதியில் மேடை கட்டிப் பள்ளிக்கூட ஆண்டு விழா, வரவேற்பு நிகழ்ச்சி என்று வாடகைக்கு விடுவார்கள். நெருக்கிப் போட்டால் நூற்றைம்பது நாற்காலி பிடிக்கும்.

எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் பிடிவாதம். பூக்கூடை அசல். அதன் மேல் மூடிய ஈரத்துணி அசல். சாவுக் காட்சிக்குக் கீபோர்டில் சங்குச் சத்தம் போட்டுக்கொள்ளலாம் என்று வாத்தியம் வாசிக்கிற பையன்கள் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. சாவு வீடுகளில் சங்கு ஊதிச் சேகண்டி அடிக்கிற பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கடைக்கு அழைத்து வந்தார். அவர் உட்காரக்கூட இல்லை.

"சார், இத சும்மா ஊதக்கூடாது சார். இது ஊதுற எடத்துக்குன்னு ஒரு மரியாதி இருக்குது," என்றார்.

"நாடகந்தானேங்க?"

"நாடகம்னு உங்களுக்குத் தெரியும். சங்குக்குத் தெரியுமா?"

நான் கல்லாவில் உட்கார்ந்து சிரித்தேன். எனக்கு எப்போதும் வாய் அதிகம். "சங்குக்கு நான் சொல்லிக்கிறேன், நீங்க வாங்க பெரியவரே," என்றேன். அவரும் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வராது என்று பயந்துகொண்டிருந்தோம். வந்தது. எங்கள் தெருவே வந்தது. கடைக்கு வருகிறவர்கள், லோக்கல் ரயில் சினேகிதர்கள், மலைக்கு மொட்டை போட வந்து சந்தனத் தலையோடு எட்டிப் பார்த்த ஒரு குடும்பம்கூட உள்ளே வந்து உட்கார்ந்தது. என் பக்கத்தில் எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கிற அக்கா. இருபது வருஷப் பழக்கம். என் வீட்டுக்காரர் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து அவருக்கு மேடை தெரியும், ஜனங்கள் தெரியமாட்டார்கள். காதில் விழுவதுதான் அவருக்குக் கூட்டம்.

முதல் பாதியில் அவர் காது குளிர்ந்திருக்கும். திரையில் மலை வரைந்திருந்ததைப் பார்த்ததுமே பின்வரிசையிலிருந்து ஒருவர் "அரோகரா" என்று குரல் கொடுத்தார், மொட்டைத் தலைகள் பதில் கொடுத்தன. பூக்காரியிடம் அவன் பாதி தமிழும் பாதி தெலுங்குமாகக் கெஞ்சிப் பாடுகிற பாட்டுக்கு நாற்காலியெல்லாம் ஆடியது. அவன் பேச்சு சுவாரஸ்யத்தில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுத் திருதிருவென விழிக்கிறபோது, "நைனா, நடந்தே போயிடு, வெடிஞ்சா ஊர் வந்துடும்!" என்று ஒருவர் கத்தினார். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அந்தப் பாட்டை இரண்டாம் தடவையும் பாடினார்கள். தையல்கார அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இடைவேளையில் நான் பின்பக்கம் போனேன். அவர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. தலைகால் புரியாமல் நின்றார்.

"கேட்டியா? கேட்டியா?" என்றார்.

"கேட்டேன், கேட்டேன். மொதல்ல டீயக் குடிங்க."

"ரெண்டாவது பாதிதான் முக்கியம். கடைசிப் பாட்டுக்கு இன்னா பண்றாங்கன்னு பாத்து சொல்லு. எனக்கு இங்கேர்ந்து ஒண்ணும் தெரியல," என்றார். அந்த வேலையை என்னிடம்தான் கொடுத்தார்.

கடைசிக் காட்சி வந்தது. அவளைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு. பெரியவர் மேடை ஓரத்தில் வந்து நின்று சங்கை எடுத்து ஊதினார். சேகண்டி மூன்று தடவை ஒலித்தது. அந்த மூடின கட்டடத்துக்குள் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவன் ஆரம்பித்தான், "பூக்கூடை காஞ்சி கெடக்குது, எழுந்து தண்ணி தெளிம்மா" என்று. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் அவன் சுருதி விலகுகிறானா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அடியில் எப்போதும் சறுக்குவான். அன்று சறுக்கவில்லை.

பாட்டு முடிந்தது. விளக்கை அணைத்துத் திரையை இழுத்தார்கள். சத்தமே இல்லை. சரி, ஒரு நிமிஷம் ஆகும் என்று பார்த்தேன். இல்லை. யாராவது ஆரம்பித்து வைத்தால் மற்றவர்கள் தொடர்வார்கள் என்று நான் எழுந்து கை தட்டினேன். நாலு தட்டு தட்டியிருப்பேன். தையல்கார அக்கா என் கையை வெடுக்கென்று பிடித்து அழுத்தி இறக்கினார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. என் முகத்தைக்கூடப் பார்க்காமல், பிடித்த கையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக வெளியே போனார்கள். வாசலில் ஜாங்கிரி மேசைக்கு அருகே நின்றுகொண்டிருந்த பையன்கள் "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்கிறார்கள், ஒரு கை நீளவில்லை. வரும்போது வாய் நிறையப் பேசியவர்களில் ஒருவர்கூட "வரேன்மா" என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஐந்து நிமிஷத்தில் டாக்கீஸ் காலி.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று உடம்பெல்லாம் வந்தது. இலவசமாக நாடகம், இலவசமாக ஜாங்கிரி, ஒரு வார்த்தை சொல்ல இவர்களுக்கு வாய் வலிக்கிறதா என்று நின்றேன். அப்போது அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். மேசை மேல் அடுக்கியபடியே இருந்த பொட்டலங்களைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஒருத்தருக்குக் கூடவா புடிக்கல?" என்று கேட்டார்.

"பாத்தீங்க இல்ல? ஜாங்கிரியக் கூட வேணாம்னு போயிட்டாங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு?" என்றார்.

"எனக்குப் பசிக்குது. வாங்க, வூட்டுக்குப் போலாம்," என்றேன்.

கோபத்தில் சொன்னதுதான், அவர் மேல் கோபமில்லை. ஆனால் வார்த்தை அதுதானே, அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

அதற்குப் பிறகு அவர் நாடகத்தைப் பற்றிப் பேசவில்லை. நோட்டுகளைப் பரண்மேல் போட்டார். ஆர்மோனியத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். ரயிலில் சும்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போய் வந்தார். நானும் தெருவோடு முறைத்துக்கொண்டேன். தையல்கார அக்கா கடைக்கு வந்து ஆதார் நகல் எடுக்க நின்றபோது, மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பினேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சு வார்த்தை கிடையாது.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் ஒரு காலை, வழக்கம்போல வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொரு மணிக்குப் போன் வந்தது. வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் காலை சங்கு ஊத வந்தவர் அந்தப் பெரியவர்தான். ஊதினார். சேகண்டி மூன்று தடவை. தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. மாலை போட்டார்கள், அழுதார்கள், கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, என்னிடமும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். பக்கத்து வீட்டில் போட்டு வைத்த டீயை யாரும் தொடவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாத வழக்கமா என்ன? சாவு வீட்டில் "போயிட்டு வரேன்" என்று சொல்லமாட்டோம், வாயில் ஒன்றும் போட்டுக்கொள்ளமாட்டோம், நேரே வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்வோம். நானும் எத்தனை வீடுகளிலிருந்து அப்படி எழுந்து வந்திருக்கிறேன்.

அப்போது தையல்கார அக்கா என் அருகில் வந்தார். என் கையைப் பிடித்து அழுத்தினார். அதே சில்லிட்ட விரல்கள், அதே அழுத்தம். முகத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டு எழுந்து போனார். நான் அவர் முதுகைப் பார்த்தேன். அவருக்கு முன்னால் வரிசையாகப் போகிற முதுகுகளைப் பார்த்தேன். இவர்களை இப்படியே நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அலறியதைப் பார்த்து, இவ்வளவு நேரம் கல்லாக இருந்தவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு டாக்கீஸ்ல ஏன் என் கையப் புடிச்சீங்க?"

"பின்ன? பொணத்த வெச்சிக்கினு கை தட்டுவாங்களா?"

"நாடகம் அக்கா அது."

"நாடகந்தான். சங்கு ஊதுற வரைக்கும் எனக்கும் நாடகந்தான்." நூல்கண்டை உருட்டிக்கொண்டே இருந்தார். "எங்க வூட்டுக்காரு போனப்ப நான் அழுவலம்மா. புள்ளைங்க சின்னது, அழுதா யாரு பாக்கறது? அன்னிக்கு அந்தப் பாட்டுலதான் அழுதேன். வூட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திக்கினேன். எதிர் வூட்லயும் ஊத்திக்கினாங்க. குழாயாண்ட அத்தினி பேரும் குடத்தோட நின்னுகினு இருந்தாங்க, யாரும் வாயத் தொறக்கல."

"அவர் கிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?"

"இன்னான்னு சொல்றது? சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்து, மறுநாள் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவாங்களா?"

நான் எழுந்தேன். அவர் அழுதார். நானும் அழுதேன். தெருவில் நடக்கும்போது குழாயடியைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். கடைசிப் பாட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார் என் வீட்டுக்காரர். நானும் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். தப்பாகப் போய்ச் சொன்னேன்.

நாடகம் நடந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தார். "நல்லாத்தான் இருக்குது. இதையாவது எடுத்துகினு போயிருக்கலாம்," என்றார். வெளியே குழாயடியில் குடங்கள் இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் இவ்வளவு கூட்டமா என்றுகூட நினைத்தேன். அவர் நாடகத்தில் செத்துப்போன ஒருத்திக்காக ஒரு தெருவே தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தோம்.